கடலில் வராத குமட்டல்

வாசகர் கேள்வி:

“அம்மா, எனக்கு 41 வயது. பதினேழு வருடம் விசைப்படகில் டிரைவராகக் கடலுக்குப் போனவன். முழங்கால் சவ்வு கிழிந்த பிறகு நான்கு வருடமாகக் கரையில் ஓர் இறால் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கடலுக்குப் போன காலத்தில் 71 கிலோ இருந்தேன், இப்போது 108. உயரம் 168 செ.மீ. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.3 என்று வந்திருக்கிறது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால், இரவு ஒன்பதரைக்கு லாரியில் சரக்கு ஏற்றிவிடும் வரை வெறும் டீதான். வரும் வழியில் பரோட்டாக் கடையைத் தாண்ட முடியவில்லை. கடைக்குப் பின்னால் இருட்டில் நின்று நாலு, சில நாள் ஆறு சாப்பிட்டுவிடுகிறேன். வீட்டில் சந்தேகம் வரக்கூடாது என்று அங்கும் சோறு சாப்பிடுகிறேன். நடக்கப் போனால் பையன்கள் கேலி செய்கிறார்கள், விட்டுவிட்டேன். கத்தாரிலிருந்து வந்த மச்சான் தலையில் மாட்டினால் நிஜம் போலவே காட்சி தெரியும் வி.ஆர். கருவி ஒன்றைக் கொடுத்து, இதில் உடம்பு இளைக்கலாம் என்றார். ராட்டினப் படம் போட்டுக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில்கூடப் படகில் வாந்தி எடுக்காதவன் நான்! கம்பெனியே சிரித்தது. இதற்கிடையில் மதுரையில் ஓரிடத்தில் ‘வி.ஆர். எடைக்குறைப்பு, மூன்று மாதம், 40,000 ரூபாய், டயட் தேவையில்லை’ என்று விளம்பரம் பார்த்தேன். வட்டிக்கு வாங்கியாவது சேரலாமா?”

பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்:

தம்பி, சிரித்தவர்களுக்கும் சேர்த்து அந்த வாந்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் காதுக்குள், ஆழத்தில், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்லும் ஓர் உறுப்பு இருக்கிறது. படகில் அது ‘ஆடுகிறோம், ஆடுகிறோம்’ என்று கத்தும்போது, கண் பார்க்கும் பலகையும் ஐஸ் பெட்டியும் நம்மோடு சேர்ந்தே ஆடுவதால் கண்ணுக்கு எல்லாம் நின்ற மாதிரி இருக்கும். காதும் கண்ணும் மாறி மாறிச் சாட்சி சொல்ல, மூளை குழம்பிக் குமட்டுகிறது. புதிதாகப் படகேறும் பையனுக்கு முதல் சில நாள் நடப்பது இதுதான். நீங்களும் அப்படித்தான் தொடங்கியிருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். அடிவானத்தைப் பார்த்து நிற்கவும், அடுத்த அலையைப் பாதத்திலேயே உணரவும் உங்கள் மூளை போகப் போகப் பழகிக்கொண்டது. கரைக்கு வந்து படுத்த பிறகும் தரை ஆடுவது போலத் தோன்றும் அல்லவா, அது அந்தப் பழக்கத்தின் மிச்சம்.

மச்சான் போட்ட ராட்டினத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. கண் பள்ளத்தில் விழுகிறது. காதோ ‘பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. கடல் சொல்லும் பொய்யை உங்கள் மூளை பதினேழு வருடத்தில் கற்றுக்கொண்டது. இது வேறு பொய், இதில் நீங்கள் முதல் நாள் பையன். உடல் பருமனுக்கும் அந்த வாந்திக்கும் சம்பந்தமில்லை. புதியவருக்கு ராட்டினத்தை முதலில் போட்டுக் காட்டியது மச்சானின் பிழை.

மறுபடி மாட்டிப் பார்ப்பதாக இருந்தால் உட்கார்ந்தே பாருங்கள். காட்சி ஓடாமல் நிற்கும் படமாக இருக்கட்டும். இரண்டு வில்லைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை உங்கள் கண்ணுக்கு ஏற்ப நகர்த்தி வையுங்கள்; கடையில் வாங்கி வந்தபடியே மாட்டினால் தலைவலி வரலாம். முகத்துக்கு நேரே ஒரு மின்விசிறி. ஐந்து நிமிடம் போதும். கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கழற்றிவிடுங்கள். படகில் செய்த மாதிரி பல்லைக் கடித்துத் தாங்கினால் பழகும் என்று நினைக்காதீர்கள். மூளை அந்தக் கருவியைப் பார்த்தாலே குமட்டக் கற்றுக்கொள்ளும். கழற்றிய அரை மணி நேரத்துக்கு பைக் எடுக்கக் கூடாது. வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ உளவியல் படித்தவள். ராமநாதபுரத்தில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில், மருத்துவர் ‘குறையுங்கள்’ என்று சொல்லி அனுப்பியவர்களோடு ‘எப்படி’ என்று பேசுவது என் வேலை. இந்தக் கருவியைச் சென்னையில் ஒரு பயிற்சியின்போது நானும் மாட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் ஓர் அடுக்களை. மேடை, அடுப்பு, தட்டில் கேக். கேக்கைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று மேடையில் கையை ஊன்றினேன். மேடை அங்கே இருந்தால்தானே! ஐம்பத்து மூன்று வயதில், இருபது பேர் பார்க்கத் தரையில் விழுந்தேன். அது பொய் மேடை என்று என் அறிவுக்கு நன்றாகத் தெரியும். கை அதைக் கேட்கவில்லை.

உடம்பை நம்ப வைக்கிறது என்பதால்தான் மருத்துவ உலகம் இந்தக் கருவியை எடுத்துக்கொண்டது. பார்சிலோனா பல்கலைக்கழகத்தில் கட்டுமீறிச் சாப்பிடும் கோளாறு உள்ளவர்களுக்கு மெய்நிகர், அதாவது வி.ஆர். கருவிக்குள் மட்டும் தெரியும், அடுக்களை, படுக்கையறை, காபிக்கடை என்று காட்சிகள் உருவாக்கினார்கள். நோயாளி தனக்கு அதிகம் ஆசை வரும் இடத்தையும் பண்டத்தையும் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். பண்டம் கண்ணெதிரே இருக்கும். ஆசை எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண்ணால் சொல்லச் சொல்வார்கள். சாப்பிடவும் கூடாது, ஓடவும் கூடாது. எண்பது, எண்பத்தைந்து என்று ஏறும். பக்கத்தில் சிகிச்சையாளர் பேசிக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் அறுபது, நாற்பது என்று தானாக இறங்கும். ஆசை ஏறிக்கொண்டே போகும், தின்றால்தான் அடங்கும் என்று நம்பியிருந்த ஒருவருக்கு, தின்னாமலும் அது அடங்குகிறது என்பதை உடம்பாலேயே தெரிந்துகொள்வது பெரிய விஷயம். அலையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முன்பே ஒரு சுற்று பேச்சு சிகிச்சை பெற்றும் சரியாகாத 64 பேரிடம் அவர்கள் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. மெய்நிகர் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் கட்டுமீறிச் சாப்பிடுவதை முற்றிலும் நிறுத்தினார்கள். பேச்சு சிகிச்சையையே தொடர்ந்தவர்களில் நாலில் ஒருவர்தான். கவனியுங்கள், அங்கே அளந்தது கட்டுமீறல் நின்றதா என்பதை. எத்தனை கிலோ குறைந்தது என்று விளம்பரம் போடுவதற்கான ஆய்வு அல்ல அது.

இத்தாலியில் மிலான் நகரத்து உளவியலாளர் ஜுசெப்பே ரிவா 1990-களிலிருந்தே இதே துறையில் வேலை செய்கிறார். அவருடைய கவலை வேறு. சிலர் மனத்தில் தன் உடம்பைப் பற்றிய ஒரு படம் உறைந்துபோய்விடுகிறது, உடம்பு மாறினாலும் அந்தப் படம் மாறுவதில்லை என்பது அவர் கருத்து. பத்து கிலோ குறைத்தவரும் கண்ணாடியில் பழைய ஆளையே பார்க்கிறார். ‘என்ன செய்தும் பயனில்லை’ என்று விட்டுவிடுகிறார். அந்த உறைந்த படத்தை அசைக்க மெய்நிகர் காட்சிகளைப் பயன்படுத்தினார்கள். மிகை பருமன் கொண்ட 163 பெண்களை மருத்துவமனையில் தங்க வைத்துச் செய்த அவர்கள் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சாதாரணச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்குக் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்ப ஏறியிருந்தது. மெய்நிகர் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில், குறைத்த எடையைக் காத்துக்கொண்டவர்களும் மேலும் குறைத்தவர்களும் அதிகம். நல்ல செய்திதான். ஆனால் அவர்களுக்கு உணவியலாளர், மருத்துவர், உளவியலாளர், உடற்பயிற்சி எல்லாம் இருந்தன. அந்தச் சாப்பாட்டில் கருவி உப்பு மாதிரி. உப்பை மட்டும் இலையில் வைத்து நாற்பதாயிரம் கேட்கிறார்கள்.

‘டயட் தேவையில்லை’ என்ற அந்த ஒரு வரி போதும், கடன் வாங்க வேண்டாம் என்று சொல்ல. இருந்தாலும் நீங்கள் போன் செய்து கேட்பீர்கள் என்று தெரியும். கேட்பதானால், கருவியை மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காரப்போவது யார் என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேட்கலாம், எங்களுக்குக் கோபம் வராது. மூன்று மாதம் முடிந்த பிறகு ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் கூப்பிட்டுப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். அங்கே பதில் இழுத்தால் போனை வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். அதில் கருவிக்கு வேலை இருக்கும் இடம் சிறியது.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறை குறியீட்டெண் 38-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 25-லிருந்தே பருமன் என்று கணக்கு. 6.3 என்பது சர்க்கரை நோய்க்கு வாசற்படி. 6.5 வந்தால் உள்ளே. பயமுறுத்தச் சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு உங்களைப் போல வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துகொண்டவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் எடை பெரிதாகக் குறையாமலேயே. தராசு முள் நகரவில்லை என்று நீங்கள் மனம் விடும் வாரத்திலும் உள்ளே வேலை நடக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். முழங்காலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது.

எப்படி ஏறியது என்பதில் மர்மம் எதுவுமில்லை. படகில் வலை வாங்கி, மீன் பிரித்து, ஐஸ் உடைத்து, தூக்கம் கெட்டு உழைத்த உடம்புக்குப் போட்ட அதே சோற்றளவை, நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதும் உடம்புக்கும் போடுகிறீர்கள். கரையேறிய படகோட்டிகள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். உடம்பு கரைக்கு வந்துவிடுகிறது, தட்டு இன்னும் கடலில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் இது இரட்டிப்பாகும். கம்பெனியும் மூடியிருக்கும், சீட்டாட்டமும் வடையும் திறந்திருக்கும்.

இப்போது அந்த ஒன்பதரை மணி. ‘தாண்ட முடியவில்லை’ என்று உங்கள் மன உறுதியைக் குறை சொல்லி எழுதியிருக்கிறீர்கள். மதியம் ஒன்றிலிருந்து இரவு ஒன்பதரை வரை எட்டரை மணி நேரம். நடுவில் சர்க்கரை போட்ட டீ. சரக்குப் பெட்டி தூக்குபவர்கள் நடுவில் நின்ற அலுப்பு. கல்லில் பரோட்டாவைத் தட்டும் சத்தம், சால்னா வாசனை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் தாண்டமாட்டேன் தம்பி. இதில் பாதி ஆசை அல்ல, பசி. பசியை எந்தக் கருவியும் தீர்க்காது. அதிலும் இந்தக் கருவிக்குள் வாசனை இல்லை. உங்கள் கால்களை நிறுத்துவதே சால்னா வாசனைதானே?

மாலை ஆறு மணிக்குக் கம்பெனியிலேயே ஏதாவது சாப்பிடுங்கள். ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு அவித்த முட்டை, பனங்கிழங்கு வரும் பருவத்தில் இரண்டு கிழங்கு. வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோனால் மறக்காது. இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள், வேறெதையும் மாற்ற வேண்டாம். ஒரு சிறு நோட்டில் இரவு கடையருகே வந்த நேரம், அப்போது பசி பத்துக்கு எத்தனை, சாப்பிட்டது எத்தனை, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். இறால் கணக்கு எழுதும் கைக்கு இது பெரிய வேலையில்லை. ஆறு என்பது இரண்டாகக் குறைந்தால் அதுவே உங்கள் சிகிச்சையின் பாதி.

ஆறு மணிக்கு வயிறு நிறைந்தும் ஒன்பதரைக்குக் கை நீள்கிறதென்றால், அங்கேதான் ஒத்திகைக்கு இடம் இருக்கிறது. மச்சானின் கருவியில் போன் வீடியோவைப் பெரிய திரையாகப் பார்க்கலாம். நண்பர் ஒருவரை விட்டு அந்தக் கடையை, கல்லில் பரோட்டா புரள்வது தெரிய, அசையாமல் நின்று ஐந்து நிமிடம் படம் பிடிக்கச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள், விளம்பரம் என்று நினைத்துச் சந்தோஷப்படுவார். வீட்டில் சாப்பிட்டு முடித்த பிறகு, உட்கார்ந்து, அதைப் பாருங்கள். ஆசை எத்தனை என்று வாய்விட்டு எண் சொல்லுங்கள். இறங்கும் வரை பாருங்கள். பிறகு, கடையைத் தாண்டி பைக்கைத் திருப்புவதை மனத்தில் ஓட்டிப் பாருங்கள்: எந்த விளக்குக் கம்பத்தில் வேகம் கூட்டுவீர்கள், கடைக்காரர் கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள் என்பது வரை. ‘இன்று வீட்டில் காத்திருக்கிறார்கள் அண்ணே’ என்ற ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருப்பவர் அங்கே திணறமாட்டார். குமட்டல் வந்தால் கருவியை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இருட்டில் நின்று, யாருக்கும் தெரியாமல், வயிறு முட்டிய பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிடுவதும், பிறகு தன் மேலேயே வெறுப்பு வருவதும் வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால், அதற்குத் தனிச் சிகிச்சை தேவை. உங்கள் கடிதத்தில் அதன் சாயல் இருக்கிறது. அப்படியானால் மேலே சொன்ன வீடியோ ஒத்திகையைத் தனியாகச் செய்ய வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய் ‘சாப்பாட்டை நிறுத்த முடியவில்லை’ என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம். எடைக்கான ஊசி மருந்துகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் அது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டிய பதில்.

விளையாட்டுகள் பற்றி ஒரு வரி. இசைக்கு ஏற்பக் கையால் வெட்டும், குத்தும் விளையாட்டுகள் அந்தக் கருவியில் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆடினால் முழங்காலுக்குப் பாதகமில்லை, வியர்வையும் வரும். அரை மணி நேரம் மூச்சு வாங்க ஆடினால் ஒரு பரோட்டா கரையலாம். நீங்கள் தின்பது ஆறு. தடைக்காலத்தில் சீட்டாட்டத்துக்குப் பதில் இது என்றால் எனக்குச் சம்மதம்.

நடை விஷயத்தில், பையன்களின் கேலிக்குக் கருவியில் மருந்து தேடாதீர்கள். விடியற்காலை ஏலத்துக்கு எப்படியும் எழுந்திருப்பீர்கள். ஏலம் முடிந்து வெயில் ஏறுவதற்குள், மல்லிகை நாற்றுத் தோட்டங்கள் பக்கமுள்ள தெருக்களில் பதினைந்து நிமிடம் நடங்கள். அந்த நேரத்தில் அங்கே நாற்றுக்குத் தண்ணீர் விடுபவர்கள்தான் இருப்பார்கள். கேலி செய்யும் பையன்கள் அப்போது எழுந்திருக்கவே மாட்டார்கள்.

ஒன்று விட்டுப்போனது. இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் மனைவி ‘வீட்டில் சந்தேகம்’ என்ற இரண்டு சொல்லாக மட்டும் வருகிறார். இரவு பத்து மணிக்கு அவர் போடும் சோற்றை, ஆறு பரோட்டாவுக்கு மேல், பொய்ப் பசியோடு சாப்பிடுகிறீர்கள். நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்று அவரும் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார். அந்த இரண்டாவது சாப்பாட்டை நிறுத்த நாற்பதாயிரம் வேண்டாம், பரோட்டா விஷயத்தை அவரிடம் சொன்னால் போதும். கோபிப்பார், ஒரு நாள் பேசாமல் இருப்பார். மறுநாள் மாலை டப்பாவில் சுண்டல் வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.